பங்களாவில் ‘பாஹிட்’, பெரட்டில் கொயினா



சில நாள்களுக்கு முன்பு ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் வகுப்பறைக்கு ஒரு காலித் தகரக் குவளையைக் கொண்டுவந்தான். அவனுடைய மாமா வீட்டு விருந்தில் கிடந்த டோனிக் நீர்க் குவளை அது. அதன்மேல் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த ‘குயினின்’ என்ற சொல்லைக் கண்டுபிடித்திருக்கிறான். “ஐயா, எங்கள் கொள்ளுப்பாட்டி தோட்டத்தில் குடித்ததாகச் சொல்லும் கொயினாவும் இதுவும் ஒன்றா?” என்று கேட்டான். ஒன்றுதான் என்றேன். “அப்படியானால், அதைச் சொல்லும்போதெல்லாம் பாட்டி ஏன் முகத்தைச் சுளிக்கிறார்? மாமா சிரித்துக்கொண்டே குடிக்கிறாரே?” என்றான். அதற்குள் மணி அடித்துவிட்டது. நானும் தப்பித்தேன்.

அன்று சொல்லாமல் விட்ட விடையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு ஏற்ற விடையாக இது அமையாது. மதுவின் பெயர்கள் சில வருகின்றன. ஆகவே பெரியவர்களுக்கென்று எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு எவ்வளவு சொல்வது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மலாயாவில் தோட்டத் துரைமார்களின் மாலை வேளைக்கென்றே ஒரு பானம் இருந்தது. அதன் பெயர் ‘ஜின் பாஹிட்’. ‘பாஹிட்’ என்றால் மலாய்மொழியில் கசப்பு. நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு இதற்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை. செய்முறை மிக எளிது. சிறிய கண்ணாடிக் குவளையில் ‘அங்கொஸ்துரா’ என்னும் கசப்புச் சாற்றில் நான்கைந்து துளி விடுவார்கள். குவளையைச் சாய்த்து மெல்லச் சுழற்றினால் உட்புறமெங்கும் சாறு பூசிக்கொள்ளும். மிஞ்சியதைக் கொட்டிவிடுவோர் உண்டு. கசப்பு தூக்கலாக வேண்டுமென்போர் அப்படியே விட்டுவிடுவர். அதன்மேல் ஜின்னை ஊற்றினால் இளஞ்செந்நிறத்தில் பானம் ஆயத்தம். சர்க்கரை இல்லை, பழச்சாறு இல்லை. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரிகள் ‘பிங்க் ஜின்’ என்று குடித்ததுதான் இங்கு வந்து மலாய்ப் பெயர் பூண்டது. நாளடைவில் இரவுணவுக்கு முன் அருந்தும் எந்தப் பானத்தையும் ‘பாஹிட்’ என்றே சொல்லலாயினர். அதற்கென அழைத்து நடத்தும் கூட்டத்துக்குப் ‘பாஹிட் விருந்து’ என்று பெயர்.

இதற்குத் துணையாக இன்னொன்றும் இருந்தது: விஸ்கியில் சோடா கலந்த ‘ஸ்டெங்கா’. பாதி என்னும் பொருளுடைய மலாய்ச் சொல்லின் சிதைவு அது. ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் 1920களில் இந்நாட்டில் பயணம் செய்து எழுதிய சிறுகதைகளைப் படித்தவர்களுக்கு இவ்விரண்டு பெயர்களும் பழக்கமானவை. சிரம்பானில் சுங்கை ஊஜோங் கிளப் போன்ற ஐரோப்பியர் மன்றங்களிலும், ரந்தாவ், லாபு, சிலியாவ், பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் மேட்டின்மேல் நின்ற பங்களாக்களின் முன்தாழ்வாரங்களிலும், பொழுது சாய்ந்தால் இந்தக் குவளைகள் வெளியே வரும்.

அங்கொஸ்துரா சாறு மதுக்கூடத்துக்கென்று பிறந்ததன்று. தென்னமெரிக்காவில் சிமோன் பொலிவாரின் படையில் பணியாற்றிய சீகெர்ட் என்னும் ஜெர்மானிய மருத்துவர், வயிற்றுக் கோளாற்றுக்கு மருந்தாக 1824-இல் வெனிசுவேலாவின் அங்கொஸ்துரா நகரில் அதைச் செய்தார். 1870களில் அவருடைய மக்கள் தொழிலை டிரினிடாட் தீவுக்குக் கொண்டு சென்றனர். ஜென்ஷியன் என்னும் மலைச்செடியின் வேர் அதற்குக் கசப்பைத் தருகிறது. படைமுகாமில் தொடங்கிய கசாயம், மதுக்கூடத்தில் நிலைத்துவிட்டது.

கசப்பு மருந்துகள் பல இவ்வாறே இடம் மாறியுள்ளன. அதற்குப் பெயர்போன நாடு இத்தாலி. உணவுக்கு முன் அருந்தும் கசப்புப் பானத்தை அவர்கள் ‘அபெரித்திவோ’ என்கின்றனர். திறத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பசியைத் திறப்பது என்று கொள்ளலாம். மாசிபத்திரி இனத்துக் கசப்புச் செடியை ஊறவைத்த ‘வெர்முத்’ என்னும் திராட்சை மதுவை தூரின் நகரில் கார்ப்பானோ என்பவர் 1786-இல் விற்கத் தொடங்கினார். நொவாரா என்னும் ஊரில் 1860-இல் காஸ்பாரே காம்பாரி செய்ததுதான் இன்று உலகெங்கும் அவர் பெயரால் விற்கும் செந்நிறக் கசப்பு மது. காம்பாரியும் இனிப்பு வெர்முத்தும் சம அளவு, மேலே சோடா, பனிக்கட்டி, ஓர் ஆரஞ்சுத் துண்டு. இதற்கு ‘அமெரிக்கானோ’ என்று பெயர். வீட்டில் யாரும் இரண்டு நிமிடத்தில் கலந்துவிடலாம். சோடாவுக்குப் பதிலாக ஜின் ஊற்றினால் ‘நெக்ரோனி’. 1919-இல் புளோரன்சு நகரில் ஒரு பிரபுவின் விருப்பத்துக்காகக் கலந்தது என்று அதற்கு ஒரு கதை சொல்வார்கள்.

முதலில் கசப்பு, பிறகு உணவு என்பது நமக்கும் புதிதன்று. சித்திரைப் புத்தாண்டன்று வேப்பம்பூப் பச்சடியை முதலில் நாக்கில் வைக்கும் வீடுகள் இன்றும் நம்மிடையே இருக்கின்றன. அறுசுவையில் கைப்புக்கும் ஓரிடம் கொடுத்த இனம் நாம்.

இத்தாலியை இங்கே இழுத்ததற்கு வேறு காரணம் உண்டு. ‘மலேரியா’ என்ற சொல்லே இத்தாலியச் சொல்தான். கெட்ட காற்று என்பது அதன் பொருள். சதுப்பு நிலத்துக் காற்றால் காய்ச்சல் வருகிறது என்று நெடுங்காலம் நம்பினர். கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமி வளர்வதை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் 1897-இல் கண்டார். மனிதருக்கு அதைப் பரப்புவது அனோபிலிஸ் கொசு என்பதை மறு ஆண்டே ரோமில் கிராஸி என்பவரும் அவருடைய குழுவினரும் நிறுவினர். காய்ச்சலுக்கு அன்றிருந்த ஒரே உறுதியான மருந்து கொயினா. பெரு நாட்டு மலைகளில் வளர்ந்த சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து அதை 1820-இல் பாரிஸில் பெல்லத்தியே, கவாந்து என்னும் இருவர் பிரித்தெடுத்திருந்தனர்.

இத்தாலி 1900-இல் ஒரு சட்டம் இயற்றியது. அரசே கொயினாவை வாங்கி, உப்பும் புகையிலையும் விற்ற அரசு உரிமக் கடைகளில் மலிவு விலைக்கு விற்றது. காய்ச்சல் பகுதிகளில் வேலை செய்த உழவுக் கூலிகளுக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும், செலவை நிலக்கிழார் ஏற்க வேண்டும் என்று அடுத்த சில ஆண்டுகளில் விதிகள் வந்தன. அதே காலத்தில் மிலான் நகரத்துச் செல்வர்களோ, இரும்புச் சத்தும் சிங்கோனாவும் சேர்த்து பிஸ்லெரி என்பவர் விற்ற ‘ஃபெர்ரோ-கீனா’ என்னும் மதுவை உடம்புக்கு நல்லது என்று சொல்லி அழகிய குவளைகளில் அருந்தினர். வயலில் ஒரு கசப்பு, மாடத்தில் ஒரு கசப்பு! நம் நெகிரி செம்பிலானிலும் இதுவேதான் நடந்தது.

இனி நம்மூருக்கு வருவோம்.

நெகிரி செம்பிலான் பெரும்பாலும் மேடும் பள்ளமுமான நிலம். கரையோரச் சமவெளியில் பரவிய மலேரியாவுக்கும் இந்த மேட்டு நிலத்து மலேரியாவுக்கும் வேறுபாடு உண்டு. சமவெளியில் கொசு, காட்டு நிழலில் தேங்கிய நீரில் முட்டையிட்டது. கிள்ளானில் மருத்துவராயிருந்த மால்கம் வாட்சன் காட்டை வெட்டி, வடிகால் தோண்டி, 1901 தொடங்கிக் காய்ச்சலைப் பெரிதும் குறைத்துக் காட்டினார். அதையே மேட்டு நிலத்தில் செய்தபோது நேர்மாறாயிற்று. அங்கே நோய் பரப்பியது அனோபிலிஸ் மாகுலாட்டஸ் என்னும் வேறொரு கொசு. அது வெயில் படும் தெளிந்த ஓடைநீரையே நாடியது. காடு நிழல் தந்திருந்தவரை ஓடையில் அது பெருகவில்லை. ரப்பர் நடுவதற்காகக் காட்டை வெட்டி ஓடையின்மேல் வெயிலை விழச் செய்தவுடன் பெருகிற்று. அந்த ஓடையை ஒட்டித்தான் லயங்களும் கட்டப்பட்டன. தண்ணீர் பக்கத்தில் இருக்க வேண்டுமல்லவா? தோட்டம் உருவானதே காய்ச்சலையும் உருவாக்கியது என்று இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். பூமிக்கடியில் குழாய் பதித்து ஓடைநீரை மறைப்பதும், திறந்த நீரின்மேல் எண்ணெய் தெளிப்பதும் பின்னால் கண்ட வழிகள்.

அதற்கிடையில் எத்தனை உயிர்கள்! 1911-இல் பேரா, சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு கூட்டரசு மாநிலங்களின் தோட்டங்களில் ஆயிரம் தொழிலாளருக்கு ஏறத்தாழ 63 பேர் ஓராண்டில் இறந்தனர். எல்லாமே மலேரியா அன்று. வயிற்றுப்போக்கும் கொக்கிப்புழுவும் சேர்ந்தே கொன்றன. ஆனாலும் காய்ச்சலே முன்னின்றது. இவர்கள் முதியோர் அல்லர் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கங்காணி ஊரில் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கப்பலேற்றிய, உழைக்கும் வயதினர். அந்த ஆண்டுகளில்தான் ரப்பர் விலை உச்சத்துக்குப் போயிற்று என்பதும் வரலாறு.

இவ்விடத்தில் கதையைவிட்டுச் சற்று விலகி ஒன்று சொல்லிவிடுகிறேன். நெகிரி செம்பிலான் மாநிலத்தின் தலைமை மருத்துவராக இருந்த பிராடன், பெரிபெரி நோயை ஆராய்ந்து 1907-இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். வெள்ளைப் பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளரைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற அந்நோய், புழுங்கலரிசி உண்ட தமிழரை அரிதாகவே தொட்டது என்பதை அவர் எடுத்துக்காட்டினார். அரிசியில் ஏதோ நஞ்சு இருப்பதாக அவர் எண்ணியது பின்னர் தவறென்று தெரிந்தது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்குகிறது என்பதே உண்மை. ஆனால் அவர் கண்ட காட்சி சரியானது. நம் பெண்கள் விடாமல் பொங்கிய புழுங்கல் சோறு ஒரு நோயிலிருந்து காத்தது. காய்ச்சலிலிருந்து காக்க அப்படி ஒன்றும் மூட்டையில் வரவில்லை. நிலவேம்புக் கசாயம் வைத்துக் கொடுத்தார்கள். அதை மலாய்க்காரர்கள் ‘ஹெம்பெடு பூமி’, அதாவது பூமியின் பித்தப்பை, என்கின்றனர்; கசப்புக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இருக்க முடியாது. உடம்பு அனலை அது சற்றுத் தணித்திருக்கலாம், மலேரியாவை நிறுத்தவில்லை.

ஆகவே கொயினா வந்தது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆள்கணக்கு எடுப்பார்கள். கிராணி பெயர் வாசிப்பார். மண்டோர் வரிசையைச் சரிசெய்வார். அங்கேயே தோட்டத்து மருந்துக்காரர் (டிரசர் என்பார்கள்) கொயினாவுடன் நிற்பார். ஆள் விழுங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே காட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது பல தோட்டங்களில் முறை. பத்துக் கிரெய்ன் என்பது அக்கால மருத்துவர்கள் வழக்கமாகச் சொன்ன ஒருநாள் அளவு. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 650 மில்லிகிராம். வெறும் வயிற்றில் அதைக் குடித்தால் காதில் ‘ஙொய்’ என்று ஓசை கேட்கும். தலை சுற்றும்; குமட்டும். அந்தக் காதிரைச்சலோடுதான் பால்கத்தியை எடுத்துக்கொண்டு மரத்துக்கு மரம் நடந்தார்கள்.

சிரம்பானை அடுத்த ஒரு தோட்டத்தில் பிறந்த மூதாட்டி ஒருவர், நான் ஆசிரியப் பணிக்கு வந்த புதிதில் இதைச் சொன்னார். மருந்தை வாயில் வாங்கி, கன்னத்தில் ஒதுக்கிவைத்து, வடிகால் ஓரம் போய்த் துப்பிவிடுவாராம் அவருடைய தாயார். “துப்பினவங்க பாதிப் பேரு போய்ட்டாங்க. முழுங்கினவங்களுக்குக் காது போச்சு” என்றார். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அறியாமையால் துப்பினார்கள் என்று அக்காலத்து அதிகாரிகள் குறைகூறினர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மருந்து எதற்கு, எத்தனை நாள், காது இரைந்தால் என்ன செய்வது என்று அவர்கள் மொழியில் அமர்ந்து எடுத்துச் சொன்னவர் எத்தனை பேர்? வரிசையில் நிறுத்தி வாயில் ஊற்றப்படுவது எதுவாயினும் மனிதனுக்கு அதன்மேல் ஐயம் எழுவது இயல்பே. நம் பள்ளிகளில் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடும் நாளில் நாம் இதை நினைத்துக்கொள்ளலாம்.

துரைக்கும் காய்ச்சல் வந்தது; மறுப்பதற்கில்லை. அவரும் கொயினா விழுங்கினார். இருப்பினும் அவருடைய கசப்புக்கு வேறொரு வடிவமும் இருந்தது. லண்டனில் எராஸ்மஸ் பாண்ட் என்பவர் 1858-இல் கொயினா கலந்த காற்றேற்றிய நீருக்கு உரிமம் பெற்றார். ஷ்வெப்ஸ் நிறுவனம் 1870-இல் ‘இந்தியன் குயினின் டோனிக்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. எவருடைய நாட்டைச் சொல்லி விற்கிறார்கள் பாருங்கள்! ஜின்னும் டோனிக் நீரும் கலந்து குடித்தே வெள்ளையர் மலேரியாவை வென்றனர் என்று இன்றும் பலர் எழுதுகின்றனர். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாமே. இன்று அமெரிக்க விதிப்படி டோனிக் நீரில் லிட்டருக்கு 83 மில்லிகிராமுக்கு மேல் குயினின் இருக்கக் கூடாது. பெரட்டில் ஒருவர் விழுங்கிய 650 மில்லிகிராமுக்கு ஏறத்தாழ 8 லிட்டர் குடிக்க வேண்டும். பழைய டோனிக் நீரில் அளவு கூடுதலாக இருந்தது என்றே வைத்துக்கொண்டாலும், மாலையில் இரண்டு குவளை அருந்தி ஒரு தொழிலாளியின் மருந்தளவை எட்ட முடியாது. (இந்தக் கணக்கை ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குப் பயிற்சியாகக் கொடுத்தேன். மூவர் சரியாகச் செய்தனர்.) ஆகவே வராந்தாவில் இருந்தது சுவை, பெரட்டில் இருந்ததுதான் மருந்து. முன்னே சொன்ன ஜின் பாஹிட்டில் கொயினாவே கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கள்ளைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை முழுமையாகாது. தோட்டத் தொழிலாளிக்கு அரசு உரிமத்தோடு தோட்டத்திலேயே கள்ளுக்கடை திறந்து கொடுக்கப்பட்டது. வேலை முடிந்த பிற்பகலில் கடை திறக்கும். அதில் வந்த இலாபம் தொழிலாளர் நலனுக்கென்று கணக்கு வைக்கப்பட்டது. தொழிலாளியின் கூலியைக் கள்ளாக வாங்கிக்கொண்டு, அதில் ஒரு பகுதியை அவனுக்கே நன்கொடைபோல் திருப்பித் தருவது என்ன நலன் என்று அந்நாளிலேயே கேட்டவர்கள் இருந்தனர். 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர்.எச்.நாதன் முன்னின்ற வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. துரை முன்னால் மிதிவண்டியிலிருந்து இறங்க மாட்டோம் என்பதும் அதே பட்டியலில் இருந்தது. 1947-இல் கெடாவில் பீடோங் வட்டாரத்துத் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்து அடிபட்டனர். குடியை ஒழிக்கக் கேட்டவர்கள் தொழிலாளர்கள். கடையைத் திறந்து வைத்திருந்தவர்கள் வேறு யாரோ.

அப்படியிருந்தும் ‘தோட்டத்துத் தமிழன் என்றால் குடிகாரன்’ என்ற பேச்சு நிலைத்துவிட்டது. நாள்தோறும் மாலையில் தவறாமல் பாஹிட்டும் ஸ்டெங்காவும் அருந்தியவரை அந்தப் பெயரால் எவரும் அழைக்கவில்லை. அது நாகரிகம்; சிறுகதையில் வரும் சூழல் வருணனை. கள் குடித்தவன் அறிக்கைகளில் ‘சமூகச் சிக்கல்’ ஆனான். நான் குடிக்குப் பரிந்து பேசவில்லை. கள்ளும், பின்னாளில் சம்சுவும், நம் குடும்பங்களில் செய்த நாசத்தை ஆசிரியர்களாகிய நாம் வகுப்பறையிலேயே பார்த்திருக்கிறோம். பசியோடு வந்து முதல் பாடவேளையிலேயே தலை சாய்ந்துவிடும் பிள்ளையைப் பார்த்த எவரும் அதற்குப் பரிந்து பேச மாட்டார். ஆனால் ஒரே மண்ணில், ஒரே மாலைப் பொழுதில், இரண்டு இடங்களில் குடித்தார்கள். ஓரிடத்துக் குடி மட்டும் ஓர் இனத்தின் குணமாக எழுதப்பட்டது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

கொயினாவின் உண்மையான மதிப்பு, அது இல்லாமற்போன ஆண்டுகளில்தான் தெரிந்தது. சிங்கோனா தமிழ்நாட்டு நீலகிரியிலும் 1860 முதல் பயிரிடப்பட்டதுதான். நடுவட்டத்தில் அரசுக் கொயினாத் தொழிற்சாலையும் இருந்தது. ஆயினும் உலகின் தேவையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் டச்சுக்காரர் ஆண்ட ஜாவாத் தீவிலிருந்தே வந்துகொண்டிருந்தது. 1942 மார்ச்சில் ஜாவா ஜப்பானியர் கைக்குப் போயிற்று. மலாயாவும் அவர்கள் கையில்தான். கொயினா விளையும் இடமும் நம்மை ஆண்டவர்களும் ஒரே கொடியின்கீழ் வந்தபின், நமக்கு அது கிடைத்திருக்க வேண்டுமே? படைக்குப் போயிற்று, மக்களுக்கு எட்டவில்லை.

சயாம் மரண இரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு சென்றனர். பெரும்பாலோர் தோட்டத் தமிழர். நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்தும் போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. வாந்திபேதியும் மலேரியாவும் அவர்களைக் குவியல் குவியலாக வீழ்த்தின. போர்க் கைதிகளாக இருந்த வெள்ளையருக்காவது கூடவே சொந்த மருத்துவர்கள் இருந்தனர். தமிழர் முகாம்களில் அதுவும் இல்லை.

நம் மாநிலத்துக்குள்ளேயே இன்னொரு சான்று உண்டு. சிங்கப்பூரில் உணவுத் தட்டுப்பாடு முற்றியபோது, ஆயர் டெவால்ஸ் தலைமையில் கத்தோலிக்கச் சீனரும் யுரேசியரும் 1943 இறுதி தொடங்கிப் பகாவ் அருகே காட்டைத் திருத்திக் குடியேற்றப்பட்டனர். ஜப்பானியர் அக்குடியேற்றத்தை ‘பூஜி கோ’ என்றனர். நகரத்து மனிதர்கள். காட்டை வெட்டினார்கள், ஓடையில் வெயில் விழுந்தது, மாகுலாட்டஸ் கொசு வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் தோட்டத் தமிழருக்கு நேர்ந்தது ஒன்றுவிடாமல் அவர்களுக்கும் நேர்ந்தது. போதிய கொயினா இல்லாமல் நூற்றுக்கணக்கானோர் அங்கேயே புதைக்கப்பட்டனர். இனம் வேறு, மதம் வேறு. கொசுவுக்கு அந்த வேறுபாடெல்லாம் தெரியவில்லை.

போருக்குப் பின் டி.டி.டி. தெளிப்பும் குளோரோகுயின் மாத்திரையும் வந்தன. 1967-இல் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. வீடு வீடாக வந்து சுவரில் மருந்தடித்ததை ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா 2018 முதல் நம் நாட்டுக்குள் தோன்றவில்லை. குரங்கிடமிருந்து வரும் ‘நோலெசி’ வகை மட்டும் காட்டோரங்களில் இன்னும் இருக்கிறது. கொயினா இப்போது மருத்துவர் கையில் மட்டுமே இருக்க வேண்டிய மருந்து. எவரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்களில் இருந்தவர்கள் சிரம்பான், நீலாய்ப் பக்கத்துக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்துவிட்டனர். பெரட்டுக் களம் இருந்த இடத்தைக் கேட்டால் பேரப்பிள்ளைகள் கையை எங்கோ காட்டுகிறார்கள்.

மறுவாரம் அந்த மாணவன் மீண்டும் வந்தான், இம்முறை திறக்காத டோனிக் நீர்க் குவளையோடு. மாமாவிடம் கேட்டு வாங்கினானாம். அறிவியல் ஆசிரியையிடம் கள்ளநோட்டைக் கண்டறியும் ஊதாக்கதிர் விளக்கு ஒன்று இருந்தது. சன்னல்களை மூடிவிட்டு, கண்ணாடிக் குவளையில் நீரை ஊற்றி விளக்கைப் பிடித்தோம். தெளிந்த நீர் அப்படியே நீலமாக ஒளிர்ந்தது. கொயினாவின் இயல்பு அது. 1845-இலேயே ஜான் ஹெர்ஷல் என்னும் அறிஞர் அதைக் கண்டெழுதியிருக்கிறார். பிள்ளைகள் ஓவென்று கூவினார்கள். ஆளுக்கொரு தேக்கரண்டி சுவைத்துப் பார்க்கக் கொடுத்தோம். எல்லாரும் முகத்தைச் சுளித்தார்கள். அவன் மட்டும் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கி, விழுங்காமல் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் சும்மா நின்றான்.